அம்மை இல்லை

சுதர்ஷினியைக் கட்டித் தருவதற்கு அவள் அப்பா ராசையா என் தலையில் முடி கேட்டார்.

மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற மனிதர். நான் கண்டியில் பார்த்த இரவு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அலுவிகாரையில் ஃபோன் திருத்திக்கொண்டிருந்தேன். அதைக்கூட அவர் மன்னித்தார். வழுக்கையை மன்னிக்கவில்லை. ராத்திரி முழித்ததால்தான் கொட்டியது என்று தீர்ப்பும் சொன்னார். என் அப்பா ஒரு ராத்திரிகூட முழித்ததில்லை. அவருக்கும் முப்பது வயதில் இதே மண்டைதான்.

கண்டி டொக்டர் முதலில் தடவுகிற மருந்து தந்தார். பிறகு தினமும் ஒரு மாத்திரை. பிறகு என் கையிலேயே இரத்தம் எடுத்து, மெஷினில் சுழற்றிப் பிரித்து, மண்டையில் ஊசி போட்டார். கொட்டுவது நின்றது. போனது திரும்பவில்லை. ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ராசையா மாமா பரிசத்தைத் தள்ளிப்போட்டார். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

“ஏங்க, ஒங்க முடியா எனக்குத் தாலி கட்டப்போகுது?” என்று சுதர்ஷினி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

கடைசியில் ஆபரேஷன். பின் மண்டை முடியை வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் நடுவார்கள். எனக்கும் ஆசைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். டொக்டர் தெளிவாகச் சொன்னார்: நட்ட முடி சில வாரங்களில் உதிரும், வேர் உள்ளே இருக்கும், முளைக்க மாதக்கணக்கில் ஆகும், முழுசாகத் தெரிய ஒரு வருடம் போகும். பக்கத்துக் கதிரையில் இருந்த ராசையா மாமா எனக்கும் சேர்த்துத் தலையாட்டினார். வெளியே வந்து பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஆனிக் கடைசி ஞாயிறு பரிசம் என்றார். முடி பஞ்சாங்கம் பார்க்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஆனி முடிவதற்குள் நட்டதெல்லாம் தலையணையில் கிடந்தது. நட்ட இடம் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பரு கிளம்பியது. டொக்டரிடம் காட்டினேன். பயமில்லை, கிள்ளாதே என்றார்.

பரிசத்துக்கு எங்கள் பக்கம் எத்தனை பேர் என்று கேட்க ராசையா மாமாவின் அக்கா செவனம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் தலையைப் பார்த்ததும் வாசலுக்கு வெளியே பின்னால் பாய்ந்தார்.

“ஆத்தா வந்திருக்கா! பாலாமணி, ஒரு வார்த்தை சொன்னியா நீ?”

அம்மா வாயைத் திறப்பதற்குள் வேப்பங்கொப்பு ஒன்றை ஒடித்து எங்கள் கேட்டில் செருகிவிட்டார். அம்மை கண்ட வீட்டில் நல்ல காரியம் நடக்காது. அந்த வீட்டிலிருந்து யாரும் நல்ல காரியத்துக்குப் போகவும் மாட்டார்கள். பேக்கரிப் பாண் கொண்டுவருகிறவன்கூட மறுநாள் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு ஓடினான்.

“அம்மா, இது ஆபரேஷன்னு ஒனக்குத் தெரியும்ல?”

“தெரியும்டா. ஆனா ஆத்தா பேரச் சொல்லி வச்ச எலைய நா புடுங்கமாட்டேன்.”

சாயங்காலம் ராசையா மாமா எனக்கு ஃபோன் எடுத்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“நல்லதாப் போச்சு தம்பி! அம்மைன்னா ஒருத்தனும் ஏன்னு கேக்கமாட்டான். தை மாசம் வச்சுக்குவோம். அதுக்குள்ள மொளச்சிரும்.”

“மொளைக்காட்டி?”

“அப்ப வேற வைத்தியம் பார்ப்போம்.”

சுதர்ஷினியிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. “நீங்களும் சரின்னு சொன்னா சொல்லிருங்க. நா இனிமே காத்திருக்க மாட்டேன்,” என்றாள்.

வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். தொப்பி போடாமல் பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய் நின்றுகொண்டார். எனக்கு இரண்டு சீட் கிடைத்தது.

கடையில் சனிக்கிழமைக் கூட்டம். மாப்பிள்ளைக்கு அம்மை என்று ராசையா மாமா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நான் உள்ளே போனேன். எல்லோரும் மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

“அம்மை இல்ல மாமா. பின்னாடி இருந்த முடியப் புடுங்கி முன்னாடி நட்டது. ஒங்களுக்காகத்தான் நட்டேன். கொட்டிருச்சு. எல்லாருக்கும் சொல்லுங்க.”

“டேய், மெதுவாப் பேசுடா!”

மிளகு கொண்டுவந்திருந்த ஸக்கரியா நானா மட்டும் கிட்ட வந்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிக் குனிந்து பார்த்தார்.

“இது பரு. அம்மைன்னா இவன் காச்சல்ல கெடப்பானே. என்னா ராசையா, மொளகுக் கொடிய மாத்தி நட்டாலும் மொதல்ல எல கொட்டத்தானே செய்யும்? அதுக்காக ஆத்தா மேலயா பழி போடுறது?”

யாரோ சிரித்தார்கள். ராசையா மாமாவின் காது சிவந்தது.

“நாளைக்கு வராத. வந்தா கதவு பூட்டியிருக்கும்.”

“பூட்டுங்க. தாம்பாளத்தோட ரோட்டுல நிக்கிறேன். யாரு கேட்டாலும் ஏன் நிக்கிறேன்னு சொல்லுவேன்.”

ஞாயிற்றுக்கிழமை போனோம். அம்மாவும் வந்தார். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கதவு திறந்திருந்தது. ரோட்டில் நான் கதை சொல்வதைவிட உள்ளே உட்காருவது மேல் என்று ராசையா மாமாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சொந்தக்காரர்கள் கூடத்தின் அந்த ஓரத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இந்த ஓரத்தில் எங்களுக்கு ஏகப்பட்ட கதிரைகள். தட்டு மாற்றினார்கள். படம் பிடிக்கிறவர் கேமராவைத் தூக்கியதும் செவனம்மா ஒரு சால்வையை நீட்டினார்.

“மாப்ள, படத்துக்கு மட்டும் தலையில சுத்திக்கங்க சாமி. காலத்துக்கும் நிக்கிற படம்.”

“வேணாம் அத்தை.”

சுதர்ஷினி எழுந்து, ஓரமாகப் போட்டிருந்த தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் ஒட்டிப் போட்டாள். உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“அண்ணே, அங்கயிருந்து எடுத்தா எப்படி? கிட்ட வாங்க,” என்றாள். “அந்தப் பரு எல்லாம் தெரியணும்.”