மூக்கம்மாள் உள்ளே வந்த விதம்

அந்த வார்த்தையை நான் சொன்னேனா, மூக்கம்மாளே கேட்டு நான் ம் கொட்டினேனா என்பது இப்போது உறுதியாகத் தெரியவில்லை. இரண்டு வருடமாகிறது. யோசிக்க யோசிக்க நினைவு எனக்குச் சாதகமாகவே வளைகிறது. அதனாலேயே அதை நம்ப முடியவில்லை.

எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் இருந்தவள் மூக்கம்மாள். விருதுநகர்ப் பக்கம். சூப்பர்வைசர் லிங்கசாமி ஸ்டோர் ரூமில் வைத்துக் கையைப் பிடித்து இழுத்ததாக எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்றே வரி. புகார் கமிட்டியில் வெளியாளாக இருந்த கோயம்புத்தூர் வக்கீலம்மா வீடியோவில் விசாரிப்பதாகச் சொன்னார். கம்பெனிக்குள் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டிலிருந்தே பயமில்லாமல் பேசட்டும் என்று ஏற்பாடு செய்தது ஹெச்.ஆரில் இருந்த நான்தான். அது பெரிய கருணையாகத் தோன்றியது.

எதில் பேசுவது என்பதையும் நான்தான் முடிவு செய்தேன். ஒன்று, லிங்கைத் தொட்டால் திறந்துவிடும். இன்னொன்றில் ஆப் ஏற்றி, மெயில் ஐடி கொடுத்து, அந்த மெயிலுக்கு வரும் எண்ணைப் போட வேண்டும். ஆனால் அதுதான் பாதுகாப்பு, முழுவதையும் பதிவு செய்தும் தரும் என்றார்கள்; அதையே எடுத்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் நானும் அக்கவுண்ட்ஸ் இளங்கோவும் போட்டுப் பார்த்தோம். "கொழந்தைகூடப் பண்ணீருமுங்க மேடம்" என்றார் அவர். மூக்கம்மாளின் போனில் போட்டுப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு பதினொரு மணிக்கு வக்கீலம்மா திரையில் காத்திருந்தார். மூக்கம்மாள் என்னைப் போனில் அழைத்தாள்.

"மேடம், மெயில்ல நம்பர் வந்திருக்காம். அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியலயே."

"அந்த ஐடி யாருங்கக்கா போட்டுக் குடுத்தது?"



"பி.எஃப்.புக்காக சூப்பர்வைசருதான் எல்லாருக்கும் போட்டுத் தந்தாரு. அவரு போன்லதான் கெடக்கும்."

"விஜயகுமாரி, பன்னெண்டுக்கு எனக்கு வேற வேலை இருக்குதுங்க" என்றார் வக்கீலம்மா என்னிடம்.

"நம்பர் தானுங்கக்கா. அவருகிட்ட வாங்கிப் போட்டுருங்க."

அது என் குரலாகத்தான் காதில் கேட்கிறது.

பதினொன்று நாற்பதுக்கு அவள் திரையில் வந்தாள். பின்னால் அவள் குடியிருந்த ராயபுரத்து லைன் வீட்டின் நீலச் சுவர். இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்திருந்தாள். படம் கொஞ்சமும் ஆடவில்லை.

"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

மூக்கம்மாள் எங்களுக்குச் சற்று மேலே, போனைப் பிடித்திருந்தவரைப் பார்த்தாள்.

"யாருமில்லம்மா."

"எழுதிக் குடுத்திருக்கறீங்களே?"

"நாந்தான் தப்பா எடுத்துக்கிட்டேன். அவரு நல்லவரு."

திரையில் அவள் கண் சிமிட்டுவது மட்டும் தெரிந்தது. அந்த இரண்டு கைகளையும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

பதிவு தெளிவாக இருந்தது. புகாரை முடித்துவிட்டார்கள். மூக்கம்மாள் அந்த மாதமே நின்றுவிட்டாள். சாமளாபுரத்தில் தறிக்குப் போவதாகச் சொன்னார்கள். இளங்கோ வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். லிங்கசாமி இப்போது புரொடக்‌ஷன் மேனேஜர். வக்கீலம்மா கமிட்டியில் தொடர்கிறார். நானும் அதே வேலையில்தான் இருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு புகாரும் வரவில்லை.