கை நனைப்பதற்கு முன்

பஃபே சாப்பாட்டைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் அவர் வீட்டில் பெண் பார்க்கும் வழக்கம் இருந்திருக்காது. இருந்திருந்தால், நாலு பக்கமும் பாத்திரங்களைத் திறந்து வைத்து, நடுவில் இரண்டு குடும்பங்களை உட்கார வைத்து, வேண்டியதைச் சாப்பிடுங்கள் என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு வந்திருக்காது.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடியும் வரை மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். காபி குடிக்கலாம், பிஸ்கட் எடுத்துக்கொள்ளலாம், பஜ்ஜிகூடச் சாப்பிடலாம். அதெல்லாம் கணக்கில் சேராது. சோற்றில் கை வைத்துவிட்டால் மட்டும் சம்மதம் என்று பொருள். அதற்குப் பிறகு பேச்சு மாறினால் ஊரே காறித் துப்பும். கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கத்து வழக்கம் இது. எங்கள் குடும்பம் பெங்களூருக்கு வந்து, ஜோகுபாளையத்தில் வீடு கட்டி, கன்னடத்தில் சண்டை போடும் அளவுக்குத் தேறிய பிறகும் இதை மட்டும் விடவில்லை.

விஷயம் என் மகள் தர்ஷினியின் கல்யாணம். பையன் ஹரிஷ்குமார், அவளுடைய ஆபீஸ்தான். இருவரும் தாங்களாகவே முடிவு செய்துவிட்டு, பெற்றவர்களுக்கும் ஒரு மரியாதை இருக்கட்டும் என்று எங்களிடம் சொன்னார்கள். முறைப்படி பையன் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். "இன்னொரு தடவை பஜ்ஜித் தட்டைத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேம்மா" என்று தர்ஷினி சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏற்கெனவே இரண்டு வீட்டார் வந்து பஜ்ஜியைத் தின்று, காபியைக் குடித்து, இலை போடும் நேரத்தில் "ஊருக்குப் போயி தகவல் சொல்றோம்" என்று எழுந்து போயிருந்தார்கள். காரணம், அதற்கு முன்பு தர்ஷினிக்கு வேறொரு பையனோடு நிச்சயதார்த்தம் நடந்து நின்று போயிருந்ததுதான். நிச்சயம் ஆன கையோடு அந்தப் பையன் இவளுடைய போன் பாஸ்வேர்டைக் கேட்டான். கொடுத்தாள். அடுத்து ஆபீஸ் லேப்டாப்பின் பாஸ்வேர்டைக் கேட்டான். இவள் மோதிரத்தைக் கழற்றி அவன் கையிலேயே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று நான் அவளைப் பற்றிப் பெருமைப்பட்டேன், இன்றும் படுகிறேன். ஆனால் வந்தவர்களிடம் இதைச் சொன்னபோதெல்லாம் அவர்கள் முகம் மாறியதையும், உள்ளே அறையில் என் பெண் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் என்னால் மறக்க முடியவில்லை.

ஹரிஷுக்கு எல்லாம் தெரியும். பெற்றவர்களிடம் தானே சொல்லிவிடுவதாகத்தான் சொன்னான். நான்தான் பெரிய இவள் மாதிரி தடுத்தேன். "பெரியவங்க விஷயம் பெரியவங்க வாயாலதான் வரணும். நான் சொல்லிக்கறேன்" என்றேன். நான் நர்சரிப் பள்ளி ஆசிரியை. ஒரு வகுப்பையே ஒரே அதட்டலில் உட்கார வைப்பவள். இரண்டு பேரிடம் இந்த ஒன்றைச் சொல்ல முடியாதா என்ன?

தர்ஷினி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அவங்க கை நனைக்கறதுக்கு முன்னாடி சொல்லிடணும். தெரியாம சாப்பிட வெச்சா, அது ஏமாத்தினதாயிடும்மா."

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு ஹரிஷ் ஒரு நட்சத்திர ஹோட்டலில் மேசை பிடித்திருந்தான். வழக்கமெல்லாம் பாவம், அவனுக்கு என்ன தெரியும். "ரெண்டு வீட்டுக்கும் பொதுவான எடம் ஆன்ட்டி. எவ்ளோ வேணும்னாலும் சாப்பிடலாம்" என்றான். வினை இப்படித்தான் வந்து சேர்ந்தது.

என் வீட்டுக்காரர் சண்முகம் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தங்கமான மனுஷன், சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் நம்ப முடியாது. நட்சத்திர ஹோட்டல் என்றதும் காலையில் இட்லியைக்கூட வேண்டாம் என்றார். "வயித்துல எடம் வேணாமா?" என்று என்னையே கேட்டார். பேசி முடியும் வரை தட்டைத் தொடக் கூடாது என்று ஹோட்டல் வாசலில் நிற்க வைத்துச் சத்தியம் வாங்கினேன். நாம் எடுத்தால் அவர்களையும் எடுக்கச் சொல்ல வேண்டுமே.

ஹரிஷின் அப்பா இளங்கோவன் ஊத்தங்கரையில் உரக்கடை வைத்திருப்பவர். சிரித்த முகம். "ஓசூர் வரைக்கும் பறந்து வந்தோமுங்க. அப்புறம் நடந்து வந்திருந்தாகூட சீக்கிரம் வந்திருப்போம்" என்று கும்பிட்டுக்கொண்டே உட்கார்ந்தார். அம்மா மாதம்மாள் நெட்டையான பெண்மணி. அரக்குப் பட்டு, காசளவு குங்குமம். உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பேச்சு முடியாமல் அந்தக் கை மேசைக்கு வராது.

சட்டையில் கிரண் என்று பெயர் குத்தியிருந்த பரிமாறுபவர் குனிந்து, "ஊட்டா ஷுரு மாடி மேடம்" என்று சாப்பாட்டைத் தொடங்கச் சொன்னார்.

"ஸ்வல்ப இரப்பா" என்று கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

"பேசிட்டு சாப்பிட்டுக்கலாம்" என்றாள் மாதம்மாள்.

"ஆமா ஆமா, பேசிட்டு" என்றேன் நான். பிறகு இருவரும் பேசாமல் இருந்தோம்.

சுற்றிலும் ஜனம் தட்டும் கையுமாகப் போய் வந்துகொண்டிருந்தது. பிரியாணிப் பாத்திரத்தின் மூடியை யாரோ திறந்தார்கள். வாசனை நேராக எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். நான் மேசைக்கடியில் அவர் தொடையைக் கிள்ளினேன்.

"சூப்பு குடிக்கலாமில்ல?" என்று என் காதருகே கெஞ்சினார். "ஸ்பூன்ல குடிச்சா கை எங்க நனையுது?"

ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி பேசுவது அவர் வழக்கம். இளங்கோவன் முகம் மலர்ந்தது. "அவரு சொல்றதும் சரியாத்தானுங்க இருக்குது" என்றார்.

"சும்மா இருங்க" என்றாள் மாதம்மாள். இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டார்கள். அந்த நிமிடமே அவர்கள் சம்பந்திகளாகிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் இருவருக்குத்தான் வழி தெரியவில்லை.

ஹரிஷ் ஒன்றும் விளங்காமல் தர்ஷினியைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். சொல்லும்மா என்பதுதான் அந்தப் பார்வை. வாயைத் திறந்தேன். "ஊத்தங்கரையில மழை எப்படிங்க?" என்று கேட்டேன். என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

சமையலறையிலிருந்து செஃப் அனுப்பியதாகச் சொல்லி, ஆளுக்கொரு பீங்கான் கரண்டியில் கோலிக்குண்டு அளவு வடையை வைத்துவிட்டுப் போனார் கிரண். வடை கணக்கில் சேராதுதான். ஆனாலும் முதலில் யார் எடுப்பது என்று ஆறு வடையும் அப்படியே ஆறிப்போயின. கொஞ்ச நேரத்தில் செஃப்பே வந்துவிட்டார். நீளமான வெள்ளைத் தொப்பி, கவலை தோய்ந்த முகம். சமையலில் ஏதாவது குறையா என்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கேட்டார்.

"சமையல்ல ஒரு குத்தமும் இல்ல தம்பி, வாசனை ஆளத் தூக்குது. எங்களுக்குத்தான் இன்னும் பேச்சு முடியல" என்று மாதம்மாள் தமிழிலேயே சொன்னாள். அவருக்கு என்ன புரிந்ததோ, கையைக் கூப்பிவிட்டுப் போனார்.

எனக்காகவே அவள் கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஆனால் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பிடித்துப் போன முகம். அது மாறுவதை என் கண்ணால் பார்க்க வேண்டுமே என்று நினைத்தேன். வகுப்பறையில் முழங்குகிற தமயந்தி டீச்சர் அங்கே ஊமையாகிவிட்டாள்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் எழுந்தார். "சும்மா என்னென்ன இருக்குன்னு பாத்துட்டு மட்டும் வர்றேன்" என்றார். "நானும் பாக்கறேனுங்க" என்று இளங்கோவனும் எழுந்துவிட்டார். பூனைக்கு யாராவது பாலைச் சுற்றிக் காட்டுவார்களா? நான் தடுப்பதற்குள் இருவரும் தோள் உரச நடந்துபோய்விட்டார்கள்.

மாதம்மாளிடம் மறுபடி மழையைப் பற்றி ஆரம்பித்தபடியே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிரியாணிப் பாத்திரத்தின் முன்னால் இருவர் கையிலும் தட்டு. இளங்கோவன் தட்டில் குவியலாகப் பிரியாணி. அவர் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு, மறு கையால் ஒரு கவளத்தை எடுத்து வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"சார்! வாயில வெக்காதீங்க!"

என் வகுப்பறைக் குரல் எங்கிருந்துதான் வந்ததோ, ஹோட்டல் கூரையில் போய் மோதியது. இளங்கோவன் கை பாதியில் நின்றது. பக்கத்து மேசைக் குழந்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டது. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

"எம் பொண்ணுக்கு ஏற்கெனவே ஒரு நிச்சயதார்த்தம் நடந்து நின்னு போயிருக்கு! அதைக் கேட்டுட்டு அப்புறமா கை நனைங்க!"

பிரியாணி போட்டவர் கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். தமிழ் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லும் முணுமுணுப்பு மட்டும் கேட்டது. இளங்கோவன் கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் அவர் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

ஹரிஷ், "அம்மா, எனக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்..." என்று ஆரம்பித்தான்.

"உன்ன யாரும் கேக்கல" என்றாள் மாதம்மாள். பிறகு என்னைப் பார்த்தாள். "யாரு நிறுத்துனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினி, "நான்தாங்க" என்றாள்.

"எதுக்கு?"

தர்ஷினி சொன்னாள். போன் பாஸ்வேர்டு, லேப்டாப் பாஸ்வேர்டு, மோதிரம், ஆட்டோ, எல்லாவற்றையும் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

மாதம்மாள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். எழுந்தாள். வாசல் இருந்த பக்கமாக நடந்தாள்.

மறுபடியுமா என்று எனக்கு நெஞ்சு உடைந்தது. கோபம்கூட வரவில்லை. இந்தத் தடவை ஊரைக் கூட்டிக் கத்தி, என் பெண்ணின் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது. தர்ஷினி மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இளங்கோவன் எழுந்து மனைவியின் பின்னால் போவதா, உட்காருவதா என்று தெரியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றார்.

வாசலுக்குப் பக்கத்தில்தான் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மாதம்மாள் அங்கே நின்றாள். கிரண் ஓடிப்போய், எது எங்கே இருக்கிறது என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மேலே இருந்த தட்டை எடுத்துப் புடவைத் தலைப்பால் ஒரு துடை துடைத்தாள். வெறும் தட்டோடு திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"இங்க அவங்கவங்க தட்டுக்கு அவங்கவங்களே போட்டுக்கணுமாமே! எனக்கு நானே போட்டுத் தின்னா அது எந்த ஊரு மொறைங்க? எழுந்து வந்து போடுங்க, சம்மந்தி."

சம்மந்தி என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் சேர்த்து முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"லேப்டாப்பு பாஸ்வேர்டு கேட்டானாமே!" என்று நடந்துகொண்டே சொன்னாள். "எம் வீட்டுக்காரரு போனை நாந்தான் தெனமும் நோண்டறேன். அவரு எம் போனைக் கேக்கட்டும், அப்புறம் இருக்குது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்ற பொண்ணுங்க. எங்க வீட்டுக்கு ஒண்ணு வேணும்."

முதலில் இனிப்புத்தான் போட வேண்டும். பாயசம் கடைசி மேசையில் இருந்தது. கிரண், "நானு ஹாக்தீனி மேடம்" என்று கரண்டியைப் பிடித்துக்கொள்ள வந்தார். "நீ சும்மா இரப்பா, இது நான் போட வேண்டியது" என்று கரண்டியை வாங்கிக்கொண்டேன். பாயசம், பொரியல், வறுவல், சோறு, சாம்பார் என்று ஒவ்வொரு பாத்திரமாக அவள் தட்டை ஏந்தி வர, நான் போட்டுக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தால் இளங்கோவனும் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஹரிஷ். அவனுக்கும் பின்னால், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல், என் வீட்டுக்காரர்.

"நீங்க எந்த வீட்டு மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"உங்க அப்பா வீட்டு மாப்பிள்ளை" என்றார். அவருக்கும் போட்டேன்.

மேசைக்கு வந்ததும் மாதம்மாள் முள்கரண்டியையும் ஸ்பூனையும் ஓரமாகத் தள்ளி வைத்தாள். பாயசத்தை ஒரு வாய் குடித்தாள். சோற்றில் சாம்பாரைப் பிசைந்து, உருட்டி, வாயில் வைத்தாள். நாங்கள் எல்லோரும் அவள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தூரத்தில் செஃப்பும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். தர்ஷினி என் தோளில் சாய்ந்திருந்தாள்.

மாதம்மாள் விழுங்கிவிட்டு யோசித்தாள்.

"உப்பு கம்மி" என்றாள். "கல்யாணத்துக்கு வேற ஆளப் பாக்கணும்."

"பாத்துடலாங்க, சம்மந்தி" என்றேன்.