பதினோராவது இடம்

மூன்று வருடமாக எங்கள் கடைதான் முதலிடம். சொல்லிக்கொள்ளப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முதலிடத்தைத் தினமும் எண்ணெயில் போட்டு எடுத்தவள் நான். அது எவ்வளவு கனம் என்று என் தோள்பட்டையைக் கேட்டால் சொல்லும்.

ஊரில் ஒரு வாரப் பத்திரிகை இருக்கிறது. சிக்கன் விங்ஸ் விற்கிற பன்னிரண்டு கடைகளிலும் சாப்பிட்டுப் பார்த்து, வருடத்துக்கு ஒரு முறை ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வரிசை போடுவார்கள். சாப்பிட்டு எழுதுகிறவர் ஒரே ஆள். பத்திரிகையில் அவர் பெயர் வராது. கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் நாக்கு சார். யாருக்கும் தெரியாமல் வந்து போவதாக அவருக்கு நினைப்பு. உள்ளே வந்து ஆறு துண்டு சொல்வார். மூன்றைச் சுடச்சுடத் தின்பார். மீதி மூன்றை ஆறவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தின்பார். சுடச்சுட வந்ததை வேண்டுமென்றே ஆறவிட்டுத் தின்கிற ஆளை யாருக்குத்தான் அடையாளம் தெரியாது?

என் கையில் மந்திரம் ஒன்றும் இல்லை. இறக்கையை முந்தின நாளே உப்புத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்துத் தோலைக் காயவிடுவேன். மறுநாள் மிதமான சூட்டில் ஒரு தடவை பொரித்து, கம்பித் தட்டில் இருபது நிமிடம் கிடத்துவேன். பிறகு நல்ல சூட்டில் இரண்டாம் தடவை. அந்த இருபது நிமிடம் பொறுக்க மற்ற கடைகளுக்கு மனசு வராது. எங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

முதல் வருடம் முதலிடம் வந்தபோது முதலாளி என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வாசலில் 'நம்பர் 1' என்று பெரிய போர்டு மாட்டினார். எட்டு மேசை பதினாறானது, பதினாறு இருபத்துநான்கானது. அடுப்பும் கூடியது. அடுப்பு முன்னால் நிற்கிற ஆள் மட்டும் கூடவில்லை. காலை பத்துக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டு வரை நின்ற இடம்தான். வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பிடிக்காது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். மகள் வீட்டுக்கு வந்த பிறகுதான் பொறுக்க முடியவில்லை.

மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிறவர், ஆறு மாதம் கடலில். மகள் முழுகாமல் இருந்தாள். படி ஏறக் கூடாது, தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் என்னிடம் வந்துவிட்டாள்; நான் கடையில் இருக்கிற நேரம் பக்கத்து வீட்டம்மா வந்து வந்து பார்த்துக்கொள்வார். எல்லாருக்கும் நான்கு மாதத்தில் நிற்கிற குமட்டல் இவளுக்கு ஆறு மாதமாகியும் நிற்கவில்லை. அதிலும் பொரித்த எண்ணெய் வாடை என்றால் குடலே வெளியே வந்துவிடும் போல ஓங்கரிப்பாள். நானோ தலையிலிருந்து கால் வரை அந்த வாடைதான். சோப்பு போட்டுப் பார்த்தேன். எலுமிச்சம்பழத்தை விரல் இடுக்கெல்லாம் தேய்த்துப் பார்த்தேன். கடைத் துணியை மாடியிலேயே கழற்றிப் போட்டேன். ஒன்றும் எடுபடவில்லை. பத்து வருட எண்ணெய், தோலுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது போலும். அதனால் அவள் உள்ளறையில், நான் கூடத்தில். நடுவில் சாத்திய கதவு. என் சொந்த வீட்டில் என் சொந்த மகளோடு கதவைப் பார்த்துத்தான் பேசினேன்.

ஒரு நாள் சாயங்காலம் எனக்குத் தலைவலி, சீக்கிரம் வந்துவிட்டேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, உள்ளேயிருந்து கத்தினாள்.

"அம்மா! அசையுதும்மா! சீக்கிரம் வா, வந்து கை வச்சுப் பாரு!"

எல்லாம் மறந்து ஓடினேன். கட்டிலுக்கு இரண்டடி இருக்கும்போதே அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். கை நீட்டினபடி நின்றேன். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

"மன்னிச்சுக்கம்மா. நீன்னு இல்லம்மா, அந்த வாடைதான்," என்று உள்ளேயிருந்து அழுதாள்.

"தெரியும் கண்ணு. நீ படு," என்றேன். அவளுக்குக் கேட்காமல் நானும் அழுதேன். அந்தக் குழந்தை அசைவதை ஊரில் யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம், நான் மட்டும் கூடாது. 

மறுநாள் முதலாளியிடம் மூன்று மாதம் லீவு கேட்டேன். குழந்தை பிறக்கிற வரைக்கும்.

அவர் சிரித்தார். கெட்டவர் இல்லை, சிரித்துச் சிரித்தே காரியம் சாதிக்கிறவர்.

"அக்கா, வெளிய போர்டைப் பார்த்தீங்களா? அது தொங்குற வரைக்கும் உங்களுக்கு ஏது லீவு? உங்க விங்ஸுக்குத்தானே இவ்வளவு கூட்டம் வருது."

"அது இறங்கிட்டா?"

"இறங்கினா கேளுங்க. நானே வண்டி வச்சு வீட்ல கொண்டுபோய் விடறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மாதமே நாக்கு சாரின் சுற்று தொடங்கியது. நாளைக்கு ஒரு கடை, பன்னிரண்டு நாள். எங்கள் கடைக்கு எப்போதும் கடைசியில்தான் வருவார். பன்னிரண்டாம் நாள் காலையில், ஆறு துண்டை மட்டும் தனியாக எடுத்து வைத்து, அப்போதுதான் உப்புத் தடவினேன். மத்தியானம் மூன்று மணிக்கு சர்வர் வந்து அடுப்படி ஜன்னல் பலகையை இரண்டு முறை தட்டினார். நாக்கு சார் வந்துவிட்டார் என்று அர்த்தம்.  அந்த ஆறையும் எடுத்து, ஒரே தடவை, நல்ல சூட்டில் போட்டு, நிறம் வந்ததும் வடித்துக் கொடுத்துவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பத்து வருடத்தில் அப்படி ஒரு தட்டை நான் வெளியே அனுப்பியதில்லை. கூசியது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதல் துண்டைக் கடித்ததும் மெல்வதை நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். இரண்டாவதைக் கடித்தார், மறுபடி தண்ணீர். மூன்றாவதை முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்காமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, வேலை முடிந்தது என்று பின்பக்கம் போய், காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறந்தது. நாக்கு சார். கிட்டத்தில் பார்த்தால் பாவமாக இருந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு, கையில் வயிற்றெரிச்சல் மாத்திரை அட்டை. கேட்காமலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.

"நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும்தானேக்கா?"

"ஊருக்கே தெரியும் சார்."

"அப்படியா?" என்றார். அதைக் கேட்டுக் கவலைப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. "இந்த வருஷமும் நீங்கதான் முதலிடம். நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். இனிமே எழுத மாட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நல்லா இருந்துச்சா சார்?"

"தெரியலக்கா. அதான் விஷயமே. பன்னெண்டு நாளா இதையே தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சோன்னு ஒரு பயம் இருந்துச்சு. நேத்து வீட்ல காப்பி குடிச்சா வெந்நி மாதிரி இருக்கு. சரி, கடைசியா உங்க விங்ஸ் இருக்கே, அதுல நாக்கு முழிச்சுக்கும்னு நம்பி வந்தேன். உங்க விங்ஸே எனக்குச் சப்புன்னு இருந்துச்சு. இதுக்கு மேல என்ன வேணும்? இருபத்திரண்டு வருஷம் இந்த நாக்கை வச்சுத்தான் சாப்பாடு. போயிடுச்சு." மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போற போக்குல போன வருஷப் பட்டியலையே திருப்பிப் போட்டுட்டுப் போயிடலாம்னு இருக்கேன்."

பெரிய மனிதர், கூடையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.  நான் வாயைத் திறக்காவிட்டால் முதலிடம் என் தலையிலேயே விழும், இவரும் தன் நாக்கைக் குறை சொல்லிக்கொண்டே வீட்டில் உட்கார்ந்துவிடுவார். என் தட்டு கெட்டிருக்கும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லையே. அவ்வளவு நம்பிக்கை.

"சார், உங்க நாக்கு நல்லாத்தான் இருக்கு," என்றேன். "சப்புன்னு தெரிஞ்சுது இல்ல? சப்புன்னுதான் இருந்துச்சு. நான் வேணும்னே அப்படிப் பண்ணினேன்."

மகள், கதவு, நீட்டின கை, போர்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு மெதுவாக, பரீட்சை எழுதுகிற பிள்ளை போலக் கேட்டார்.

"ஒரே தடவைதான் பொரிச்சீங்களா? தோலுக்கு அடியில கொழுப்பு உருகாம இருந்துச்சு."

"ஆமா சார்."

"உப்பு எலும்பு வரைக்கும் போகல. இன்னைக்குக் காலையில போட்டதா?"

"ஆமா சார்."

அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. "எண்ணெயும் கொஞ்சம் பழசு."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "சார், எண்ணெய் காலையில மாத்தினது. மத்ததுக்கு என்ன வேணும்னாலும் சொல்லுங்க, எண்ணெயைக் குறை சொல்லாதீங்க."

"சரி சரி, அது தப்பு," என்று முதல் முறையாகச் சிரித்தார். நோட்டை எடுத்தார். "நான் சாப்பிட்டது இது. சாப்பிட்டதை எழுதறேன். அதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனா பேர் கெடும்கா. பரவாயில்லையா?"

 பத்து வருடப் பெயர். இருந்தும் சரியென்று தலையை ஆட்டினேன்.

"எத்தனையாவது சார்?"

யோசித்தார். "நேர்மையாச் சொன்னா, பதினொண்ணு."

"பன்னெண்டாவது யாரு?"

"பஸ் ஸ்டாண்டு வாசல் கடை."

"அவன் உறைஞ்ச இறக்கையை அப்படியே எண்ணெயில போடறவன் சார்! அவனுக்கு ஒரு படி மேலதானா நானு?"

"இன்னைக்குத் தட்டுக்கு அதுதான்கா," என்றார் பரிதாபமாக. நானே கேட்டு வாங்கினது. 

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. முதலாளி திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை. நாற்காலி போட்டு ஏறி, தானே போர்டைக் கழற்றினார். பிறகு அடுப்படிக்கு வந்து, "உங்களுக்கு உடம்புக்கு எதுவும் முடியலையாக்கா?" என்று கேட்டார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

"லீவு கேட்டீங்கல்ல, எடுத்துக்குங்க. நான் வேற ஆளைப் பார்க்கறேன். திரும்பி வரும்போது இடம் இருந்தா பார்ப்போம்." சொன்னபடி வண்டியும் வைத்துக் கொடுத்தார். இடம் இருக்காது என்று எனக்குத் தெரியும். போர்டு இல்லாத சுவரில் அதன் அளவுக்கு வெளுத்த தடம் தெரிந்தது. அதைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தேன்.

பெயர் போனது, வேலையும் போனது போலத்தான். வாடை மட்டும் போகவில்லை. மூன்று நாள் தூங்கினேன், குளித்தேன், தூங்கினேன். கடைத் துணிகளை மூட்டை கட்டி எறிந்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு மகள் கதவைச் சாத்தாமல் பேசினாள். நான் கிட்டே போகவில்லை, பயம்.

பத்தாம் நாள் காலை, கூடத்துத் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகள் கையில் பத்திரிகையோடு தொம் தொம்மென்று வந்தாள். எங்கே கண்டுபிடித்தாளோ, முகம் சிவந்திருந்தது. வந்த வேகத்தில் என்னை இடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதைப் பார்த்தியாம்மா? யாரும்மா இவன்? 'தோலுக்கடியில் கொழுப்பு உருகவில்லை'யாம். 'உப்பு எலும்பை எட்டவில்லை'யாம். உன் கைப்பக்குவத்தைப் பத்திப் பேச இவன் யாரு?"

ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். இருந்தாலும் அவள் வாயால் கேட்கும்போது வலித்தது.

"கேளு, 'எண்ணெயில் மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது.' எண்ணெயை மட்டும் பாராட்டறானாம், பெரிய மனசு! பதினோராவது இடமாம்! இவன் நாக்குல..." சட்டென்று நிறுத்தினாள். "அய்யோ, உதைக்குதும்மா. நான் கத்தறதுக்கு இதுவும் உள்ள கத்துது போல."

என் கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்தாள். மூக்கைச் சுளிக்கவில்லை, திரும்பவும் இல்லை. என் தோளில் சாய்ந்துகொண்டு, கோபம் தீராமல் பத்திரிகையையே முறைத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கைக்கு அடியில் ஒன்றும் இல்லை. அவள் கத்துவதை நிறுத்தியதும் உதையும் நின்றுவிட்டது போலும்.

"நீ ஏம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற? உனக்குக் கோபம் வரலையா?"

"வருது," என்றேன். கையை எடுக்காமல் சொன்னேன். "இன்னொரு தடவை படி. சத்தமாப் படி."