காம்பு பொறுக்கும் மிசின்

பூண்டுலோயாவுக்கு மேலே அந்தத் தோட்டத்தில் ஏசி போட்ட அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவில்கூட ஏசி கிடையாது. பல் கிட்டித்துப்போகிற குளிரில் எதுக்கு ஏசி என்று யாரும் கேட்கவில்லை. அறையில் குடியிருந்தது ஒரு மிசின். அதற்கு ஈரம் ஆகாது, தூசி ஆகாது என்று கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக் கூரையெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்த வருஷம் அது. என்ன செய்வது, லயத்துக்காரர்களை விற்ற கம்பெனி எதுவும் அப்படிச் சொல்லி அனுப்பவில்லையே.

காய்ந்த தேயிலையில் கிடக்கிற சிவந்த காம்பைக் கேமராவால் பார்த்து, காற்றை ஊதித் தள்ளுவது அதன் வேலை. கறுப்பு என்றால் தூள், சிவப்பு என்றால் காம்பு. அதற்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். அதுவரைக்கும் அந்த வேலையை இஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலை பேக்டரியில், ஆறு பெண்கள் தரையில் உட்கார்ந்து கையால் செய்துவந்தார்கள். அவர்களில் ஒருத்தி பேச்சியம்மா. மிசினை ஓட்ட நுவரெலியாவில் மூன்று மாசம் படித்துச் சான்றிதழோடு வந்து நின்றவள் அவள் மகள் சுலக்ஷனா. இதைத் துரை யோசித்துத்தான் செய்தாரா என்றால், துரைமார் அவ்வளவு தூரம் யோசிப்பதில்லை.

திறப்பு விழாவில் துரை பேசினார். தூள் வீணாகாது, கரண்டு மிச்சம், வெளிநாட்டுக்காரன் கேட்கிற சுற்றாடல் சான்றிதழ் கிடைக்கும், இளம் பிள்ளைகளின் திறன் வளரும் என்றார். மிசின் ஒழுங்காக ஓடினால் சுலக்ஷனாவுக்கு வேலை நிரந்தரம், ஆறு பெண்களும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகலாம் என்பதையும் கடைசியில் சேர்த்துக்கொண்டார். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டாமல் என்ன செய்ய, கையில் வடையைக் கொடுத்தாயிற்று. முட்டிவலியால் மலையை விட்டு இஸ்டோருக்கு வந்த பேச்சியம்மாவும் தட்டினாள்.

முதலில் மிசின் தங்கமாக ஓடியது. அதை நம்பும்வரை ஆறு பெண்களையும் இஸ்டோரிலேயே கூட்டிப் பெருக்க வைத்திருந்தார்கள். ஆயுத பூசை வந்தது. இஸ்டோரில் இருந்த சாமான் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். காம்பு பொறுக்கும் மிசினுக்கு மட்டும் மாலையோடு சரி, பொட்டு கூடாது என்று சுலக்ஷனா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். புது மிசினை மூளியாக நிறுத்திவிட்டாளே என்று பேச்சியம்மா லயத்துக்கு வந்தும் புலம்பினாள்.

பூசைக்கு மறுநாள் மிசினுக்குப் புத்தி பேதலித்தது. நல்ல தூளையே காம்பென்று தள்ளியது. நாளுக்கு நாள் அது கூடியது. சுலக்ஷனா திரையில் எண்களை மாற்றிப் பார்த்தாள். அணைத்துப் போட்டாள். முன்பக்கக் கண்ணாடியைத் துடைத்தாள். பின்பக்கக் கண்ணாடியைக் கம்பெனி ஆள்தான் தொடவேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அவள் சொல் தட்டாத பிள்ளை. கம்பெனி ஆளோ, இறம்பொடைப் பக்கம் மண்சரிவு என்று சொல்லி வராமலே இருந்தான்.

தள்ளிய தூளைத் திரும்பப் பொறுக்க ஆறு பெண்களையும் உட்கார வைத்தார்கள். "நம்ம வயித்துல அடிக்க வந்துச்சு, கண்ணு அவிஞ்சுபோச்சு," என்றாள் கூட இருந்த அம்மாக்கண்ணு. மற்றவர்கள் சிரித்தார்கள். பேச்சியம்மா சிரிக்கவில்லை.

இஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் குணரத்தினம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷன், கெட்ட செய்தியையும் மெதுவாகத்தான் சொல்லுவார்.

"பிள்ளை, நாளைக்குள்ள சரிவராட்டி மிசினைத் திருப்பி அனுப்பச் சொல்லிப்போட்டார் துரை. மிசின் போனா உமக்கும் இஸ்டோரில வேலை இல்லை. நான் என்ன செய்யிறது, சொல்லும்."

சுலக்ஷனாவுக்கு யாரோ மிசினில் கை வைக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தது. மறுநாள் சங்கு ஊதுவதற்கு முன்பே இஸ்டோருக்குப் போனாள். ஏசி அறையைக் காலையில் கூட்டுவது அவள் அம்மாதான். பேச்சியம்மா மிசினுக்குப் பின்னால் நின்றாள். பின்மூடி திறந்திருந்தது. விரலில் குங்குமம்.

சுலக்ஷனா பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருநீற்றுப் பட்டை, அதன்மேல் வரிசையாகக் குங்குமப் பொட்டு. அதன் வழியே பார்க்கிற கேமராவுக்குத் திரும்பிய பக்கமெல்லாம் சிவப்பு. பாவம், அதுதான் என்ன செய்யும்?

"மலைக்குப் போகப் பயந்து என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டியாம்மா?"

"அடி கிறுக்கி," என்றாள் பேச்சியம்மா. "பூசையன்னிக்கு நீ பொட்டு வைக்க விடல. மறுநாளு கூட்டையில நான் வச்சேன். மிசினு மக்கர் பண்ணவும், ஒண்ணு பத்தலயாக்கும்னு தெனம் ஒண்ணு வச்சேன். நேத்து துன்னூறும் பூசுனேன். ஒன் வேல நெலைக்கணும்னு மாரியாத்தாள வேண்டிக்கிட்டுத்தான் வைக்கிறேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. சுலக்ஷனா மூடியைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். "அதாலதாம்மா ஓடல. செவப்பா தெரிஞ்சா அது காம்புன்னு தள்ளிரும்."

பேச்சியம்மா கண்ணாடியையே பார்த்தாள். அவளுக்கு இரண்டாம் தடவை சொல்லவேண்டியிருக்கவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டு கேட்டாள். "இது இப்படியே இருந்தா?"

"மிசின் போயிரும். நீங்க ஆறு பேரும் இங்கயே இருக்கலாம்."

"நீ?"

"மலைக்கு."

அம்மா இப்படியே விட்டுவிடச் சொல்வாளோ என்று சுலக்ஷனா பயந்தாள். துடைக்கச் சொல்வாளோ என்று அதைவிடப் பயந்தாள். பேச்சியம்மா "தாயே, கோவிச்சுக்காத," என்று முணுமுணுத்துவிட்டு, கம்பெனி ஆள் மட்டுமே தொடவேண்டிய கண்ணாடியை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். பிறகு, "போடு, பாப்போம்," என்றாள்.

சுலக்ஷனா மிசினைப் போட்டாள். கறுப்பு நேராக இறங்கியது, சிவப்பு தெறித்து விலகியது. பேச்சியம்மா இறங்கிய தூளை ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

"ரெண்டு காம்ப விட்டுருச்சு," என்றாள். "போகப் போகச் சரியாயிரும்."

இன்றைக்கே மலைக்குப் போகாதேம்மா, டீமேக்கர் சொல்லட்டும் என்று சுலக்ஷனா கெஞ்சினாள். பேச்சியம்மா அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

சங்கு ஊதியது. இஸ்டோருக்கு எதிரே காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். பேச்சியம்மா யாரிடமோ ஒரு கூடையை இரவல் வாங்கிக் கடைசியில் போய் நின்றாள். கங்காணி நல்லமுத்து அவளைப் பார்த்தார்.

"என்ன பேச்சி, இஸ்டோருல வேல இல்லையா?"

"இருக்குதுங்க," என்றாள் பேச்சியம்மா. "எம் மக பாக்குறா."