ஏழாம் நம்பர் ஆணி

சங்கு அலறியது.

ஆள் இல்லாத இடம், கரன்ட் இல்லாத கட்டடம் என்று நம்பி வந்தவர்களின் காதில் அது இடி மாதிரி விழுந்தது. கூரை இரும்பில் அடைந்திருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. ட்ரைபாடில் காமிராவைப் பூட்டிக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டு, இரண்டு கைகளாலும் காமிராவை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். விழுந்தால் இன்னொன்று வாங்க வழியில்லை.

பக்கத்தில் நின்ற அவள் அண்ணன் புறாக்களைப் பார்க்கவில்லை. அவர் வலது கை சட்டைப் பைக்குப் போய் அழுத்திக்கொண்டது. உடம்பு தானாகத் திரும்பி, மண்மேட்டுக்குள் பாதி புதைந்து கிடந்த கட்டுப்பாட்டு அறையை நோக்கி நாலு எட்டு வைத்துவிட்டது. அப்புறம்தான் சுதாரித்துக்கொண்டு நின்றார்.

"பயந்துட்டீங்களா மேடம்?" என்று காவலாளி ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். கையில் ஒரு அலுமினியச் சட்டி. "நான்தான். லாரி பேட்டரி ஒண்ணை மாட்டி வச்சிருக்கேன். சங்கு ஊதினாத்தான் நாய்ங்க சாப்பிட வரும்."

"ராக்கெட் இன்ஜின் எரிச்ச இடத்துல நாய்க்குச் சங்கு ஊதறியாய்யா?" என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லத்தான் ஆரம்பித்தார். பாதியிலேயே குரல் தளர்ந்துவிட்டது.

"இன்ஜினும் வரல, ஆபீசருங்களும் வரல. நாய்ங்கதான் சார் ஒழுங்கா டூட்டிக்கு வருது."

அவள் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை.

இந்த இடத்திலிருந்து ஒரு ராக்கெட்டும் பறந்தது கிடையாது. பறக்கப்போகிற இன்ஜினை இங்கே கொண்டுவந்து, மேடையில் இரும்பால் இறுக்கிக் கட்டிப்போட்டு, அசையவிடாமல் எரியவிட்டுப் பார்ப்பார்கள். தீ கீழே கான்கிரீட் பள்ளத்தில் பாய்ந்து, வளைந்து, பின்பக்கமாக வெளியேறும். வேலை பார்த்தவர்கள் அந்தப் பள்ளத்தை அடுப்பு என்றுதான் சொல்வார்கள். இப்போது அடுப்பில் மழைத்தண்ணீர் தேங்கித் தவளை கத்திக்கொண்டிருந்தது. குழாய்களைப் பழைய இரும்புக்காரர்கள் அறுத்துப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த எஃகுத் தூண்கள், சதையெல்லாம் தின்று முடித்த மீன் முள் மாதிரி நின்றன. அடுத்த வாரம் அதையும் இடிக்கப் போகிறார்கள்.

அதற்குள் படம் எடுத்துக் கொடுக்கச் சொல்லி அவளைக் கூப்பிட்டவர்கள் இங்கே முன்பு வேலை செய்தவர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குடும்பத்தோடு கூடுகிறார்கள். பெரிய திரையில் படங்களைப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள். இப்படிப்பட்ட கூட்டம் எத்தனையோ நடந்துவிட்டது. அண்ணன் ஒன்றுக்கும் போனதில்லை.

காலையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை முனகியது. அண்ணன் கூடவே நடந்து, கேட்காமலே யோசனை சொல்லிக்கொண்டு வந்தார்.

"பாப்பா, அந்த நாற்காலியை நடுவுல இழுத்துப் போட்டு எடேன். அம்சமா இருக்கும்."

ஐம்பதைத் தொடப்போகிறவளை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்.

"இருக்கறதை இருக்கறபடி எடுக்கணும்ணா. நாற்காலியை நகர்த்தினா அது போட்டோ இல்ல, டிராமா."

"ஒரு நாற்காலிதானே?"

"ஒரு பொம்மைதானேன்னு அந்த ஆசிரியர் கூடத்தான் கேட்டாரு."

அண்ணனுக்கு அந்தக் கதை தெரியும். ஒரு முறை தீயில் எரிந்துபோன வீட்டைப் படம் எடுக்கப் போனவளிடம், சாம்பலில் ஒரு குழந்தைப் பொம்மையைப் போட்டு எடுத்து வா என்றார் அவள் வேலை பார்த்த பத்திரிகையின் ஆசிரியர். அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தவள் அவள். அதற்கப்புறம் நல்ல வேலை எதுவும் சரியாக அமையவில்லை. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதும் இல்லை. ஒரு தூசியைக்கூடத் தள்ளி வைக்கமாட்டாள் என்று தொழிலில் பேர். அந்தப் பேர் ஒன்றுதான் அவளிடம் மிச்சம்.

"சரி தாயே," என்றார் அண்ணன். "கன்ட்ரோல் ரூமுக்கு எப்பப் போறோம்?"

இதை அவர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான கதைதான் அது.

இன்ஜின் மேடைக்குள் வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் கட்டுப்பாட்டு அறைப் பலகையிலிருந்து தன் நம்பர் சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெளியே வந்ததும் அதே ஆணியில் திரும்ப மாட்ட வேண்டும். எல்லா ஆணியிலும் சாவி தொங்கினால்தான் இன்ஜினைப் பற்றவைக்கிற பொத்தானுக்கு உயிர் வரும். ஒரு ஆணி காலியாக இருந்தால், மேடைக்குள் ஒரு மனிதன் இருக்கிறான் என்று அர்த்தம். மாற்றுச் சாவி கிடையாது. மாற்றுச் சாவி என்று ஒன்று இருந்தால் அவசரத்தில் எவனாவது அதை மாட்டுவான். உள்ளே இருப்பவன் வெந்துபோவான்.

அண்ணனுக்கு ஏழாம் நம்பர்.

பெரிய சோதனை ஒன்று. பெரிய பெரிய ஆட்கள் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி முழுக்க மேடையில் வேலை பார்த்த அண்ணன், விடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். சங்கு ஊதியது. பலகையைப் பார்த்தால் ஏழாம் ஆணி காலி. ஜீப்பை அனுப்பித் தூக்கக் கலக்கத்தோடு அவரை அள்ளி வந்தார்கள். "மாட்டிட்டுத்தான் போனேன்," என்றார் அவர். தேடினார்கள். டாங்க்கில் குளிரவைத்து நிரப்பியிருந்த எரிபொருள் சூடேற ஆரம்பித்தது. கடைசியில் வெடித்துவிடாமலிருக்க அத்தனையையும் வெளியே திறந்துவிட வேண்டியதாகிவிட்டது. வந்தவர்கள் எழுந்து போனார்கள். கொஞ்ச நாளில் அந்த இன்ஜின் திட்டத்தையே மூடிவிட்டார்கள். மூடுவதற்கு வேறு காரணம் ஆயிரம் இருந்திருக்கும். ஆனால் எல்லோர் வாயிலும் விழுந்தது ஒரே பெயர்.

அந்தப் பெயரும் அண்ணனுடைய பெயர் அல்ல. சாவி.

"சாவி வந்துட்டாருப்பா, பூட்டை எடுத்துட்டு வாங்க!" என்று ஒரு கல்யாண வீட்டில் பழைய கூட்டாளி ஒருவர் கத்தினார். பந்தல் முழுக்கச் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அன்றைக்கு அவர் சாப்பிடாமல் கிளம்பிவிட்டது அண்ணிக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

அவர் கட்சி இதுதான்: ஏழாம் ஆணி ஆடும். சாவி நழுவி, பலகைக்குக் கீழே சுவரோடு சிமென்ட் வைத்துப் பூசிய இரும்பு பீரோவுக்குப் பின்னால் விழுந்திருக்கும். அன்றைக்கு பீரோவைப் பெயர்க்க யாருக்கும் நேரமில்லை. அப்புறம் யாருக்கும் அக்கறையில்லை.

போன வாரம் ஃபோனில் பேசும்போது, இரும்புச் சாமானையெல்லாம் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள்.

"பீரோவையுமா?" என்றார் அண்ணன். பிறகு, "நானும் வரேன்," என்றார்.

கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது இருட்டும் எலிப்புழுக்கை நாற்றமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. மேடையைப் பார்க்கிற பக்கம், கனத்த கண்ணாடி போட்ட ஒரு குறுகலான நீள ஜன்னல். அதன் வழியாக வந்த வெளிச்சம் ஒரு மேஜையின்மேல் மட்டும் விழுந்தது. பொத்தான்களைப் பிடுங்கிய இடமெல்லாம் ஓட்டை. சுவரில் சாவிப் பலகை இருந்தது. பலகையில் ஒரு சாவியும் இல்லை, பித்தளை என்று கண்டவன் விட்டுவைப்பானா? வெறும் ஆணிகள், அவற்றுக்குக் கீழே பெயின்டில் எழுதிய நம்பர்கள்.

பலகைக்குக் கீழே பீரோ இல்லை. அது இருந்த இடத்தில் சிமென்ட் தரை நீள்சதுரமாகத் தெரிந்தது.

"டார்ச் வேணும். கார்ல இருக்கு, எடுத்துட்டு வாங்கண்ணா," என்றாள் அவள்.

அவர் போனார். அவள் ட்ரைபாடை விரித்தாள். வெளிச்சம் குறைவு என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் காமிராவை நீண்ட நேரம் திறந்துவைக்க வேண்டியிருந்தது. மேஜையை எடுத்தாள். பலகையை எடுத்தாள். பிறகு காமிராவைத் தாழ்த்தி, பீரோ இருந்த தரையை எடுத்தாள். கனத்த தூசி. ஒரு பேனா மூடி, துருப்பிடித்த ஆணி இரண்டு, காய்ந்து அப்பளமாகிப்போன ஒரு பல்லி. அண்ணனுக்காக இன்னும் ஒரு முறை நன்றாகக் குனிந்து பார்த்தாள். வேறு எதுவும் இல்லை.

எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே டார்ச்சோடு அவர் வந்துவிட்டார். கைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. அண்ணி. சொல்வதைத் தள்ளிப்போட ஒரு சாக்குக் கிடைத்த நிம்மதியில், சிக்னல் தேடிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்ன, உங்க அண்ணன் இன்ஜினைப் பத்தவச்சிட்டாரா?" என்றாள் அண்ணி.

"இன்னும் இல்ல அண்ணி. தவளைங்க எழுந்திருக்கமாட்டேங்குது."

அண்ணி சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே ஓய்ந்தது. "எனக்கு அலுத்துப்போச்சும்மா. கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த வீட்ல மூணு பேர் குடித்தனம் பண்றோம். நான், அவரு, அந்தச் சாவி."

"விடுங்க அண்ணி. அடுத்த வாரம் இடிச்சுடுவாங்க."

"கட்டடத்தைத்தானே இடிப்பாங்க?" அண்ணி கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு சொல்றேன், அவர்கிட்ட கேட்டுடாதே. புதுச் சட்டை எடுத்திருக்காரு. எதுக்குன்னு கேட்டேன். ஞாயித்துக்கிழமைக்குன்னாரு. அந்தக் கூட்டத்துக்கு! போட்டோ வந்ததும் போகலாம், நீயும் வான்னாரு. அவரு என்னை வெளியே கூப்பிட்டே எவ்வளவு நாளாச்சு, தெரியுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பாப்பா! பாப்பா! ஓடி வா!"

முழங்கால் வலியோடு ஓடினாள். அண்ணன் சுவரோரம் குந்தியிருந்தார். டார்ச் வெளிச்சம் தரையில் வட்டமாக விழுந்திருந்தது.

"பாரு! நான் சொன்னேனா இல்லையா? பாரு!"

பேனா மூடிக்கும் பல்லிக்கும் நடுவே ஒரு சாவி கிடந்தது. அதோடு கோத்த வட்டமான பித்தளை வில்லையில் ஏழு என்று பொறித்திருந்தது.

ட்ரைபாட் நின்ற இடத்திலேயே நின்றது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே இடத்திலிருந்துதான் இந்தத் தரையை எடுத்திருந்தாள். காமிராவின் பின்பக்கத் திரையை இயக்கி அந்தப் படத்தைக் கொண்டுவந்தாள். மூடி இருந்தது. ஆணிகள் இருந்தன. பல்லி இருந்தது.

"எடு பாப்பா. எடேன்!" என்றார் அண்ணன். "கிட்டப் போய் எடு. நம்பர் தெரியணும். அவனுங்க எல்லாரும் பார்க்கணும்."

குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் இத்தனை வருடத்துத் தூசி பஞ்சு மாதிரி படிந்திருந்தது. அதன் நடுவே அந்தப் பித்தளை, தினம் துணியால் துடைத்து வைத்தது போலப் பளீரென்று மின்னியது. ஏழின் ஓரங்கள் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தன.

காலையில் சங்கு ஊதியபோது சட்டைப் பையை அழுத்திய கை நினைவுக்கு வந்தது. மூன்று பேர் குடித்தனம் என்று அண்ணி சொன்னதும் கூடவே நினைவுக்கு வந்தது. அண்ணி வேடிக்கையாகச் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா?

நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல், சாவியையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். பின்தலையில் முடி மொத்தமும் நரைத்துவிட்டிருந்தது. கழுத்தில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோன மனிதர். இனி ஒரு தடவை சொல்லவும் அவருக்குத் தெம்பில்லை. கேட்க அவளுக்கும் இல்லை.

"என்ன பாப்பா, வெளிச்சம் பத்தலையா?" என்றார், தலையைத் தூக்காமல்.

கட்டைவிரல் குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தானின்மேல் நின்றது. மேஜைமேல் கழற்றி வைத்த அந்த அடையாள அட்டை ஒரு விநாடி கண்ணுக்குள் வந்து போனது. அழுத்தினாள். பழைய படத்தை அழிக்கவா என்று காமிரா கேட்டது. மறுபடியும் அழுத்தினாள்.

ட்ரைபாடை ஒரு சாண் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"வெளிச்சம் போதும்ணா. ஆனா சாவி இப்படிப் பளபளன்னு இருந்தா ஒருத்தனும் நம்பமாட்டான், கொஞ்சம் தூசியில புரட்டிப் போடுங்க, அப்புறம் எடுக்கறேன்."