இல்லாத முயலுக்குக் கீரை

முதலில் முயல் என்று சொன்னது யார், தானா, காய்க்காரி தேடாவா, இம்கேவுக்கு இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை... பை கனக்கிறது, கடல் பக்கத்துக் காற்று முகத்தில் அறைகிறது, சந்தையிலிருந்து வீட்டுக்கு இருபது நிமிட நடை, அதற்குள் இதை ஒழுங்காக நினைத்துப் பார்த்துவிட வேண்டும். அது நடந்தது மே மாதம், சனிக்கிழமை, சந்தை கலைகிற ஒரு மணி, அதுவரை சரி. தேடா நூல்கோலின் இலைகளை முறித்து முறித்துப் பெட்டியில் எறிந்துகொண்டிருந்தாள், இந்த ஊரில் யாரும் இலையோடு வாங்குவதில்லை, ஒடித்துவிட்டுக் கிழங்கை மட்டும் கொடு என்பார்கள், பெட்டி நிறையப் பச்சை, தெளித்த தண்ணீர் இன்னும் காயாத பச்சை, அதைப் பார்த்துக்கொண்டு இம்கே எவ்வளவு நேரம் நின்றாளோ. "முயலுக்கா?" என்று தேடா கேட்டாளா, "முயலுக்கு வேணும்" என்று இவளே சொன்னாளா? முயல் வளர்ப்பவர்கள் வந்து கேட்டால் இலையைச் சும்மா கொடுப்பது இங்கே வழக்கம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, நல்ல கோட்டு போட்டவர்கள்கூடக் கேட்டு வாங்குகிறார்கள், முயலுக்கென்றால் யாரும் கேட்கலாம், தனக்கென்றால்தான்... அவள் தலையாட்டினாள். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது, கழுத்து தானாக அசைந்தது.

அன்று அந்த இலைகளை நரம்பு நீக்கி, வெண்ணெய் கொஞ்சமாக விட்டு வதக்கி, ஜாதிக்காய் உரசிப் போட்டுச் சாப்பிட்டாள், பசலைக்கீரையைவிட நன்றாக இருந்தது, சாப்பிட்டு முடித்துவிட்டு ஏனோ ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். முள்ளங்கி இலையில் சூப், கேரட் தழையில் எண்ணெயும் சூரியகாந்தி விதையும் சேர்த்து அரைத்த துவையல், காலிபிளவரின் தடித்த இலைகள் அடுப்பில் மொறுமொறுவென்று... ஓய்வூதியத்தில் வாடகையும் வீட்டைச் சூடாக்கும் செலவும் போன பிறகு மிஞ்சுவதில் ரொட்டி வாங்கலாம், மாக்கரோனி வாங்கலாம், டாக்டரோ சர்க்கரை ஏறுகிறது, பச்சையாகச் சாப்பிடுங்கள், புதிதாகச் சாப்பிடுங்கள் என்கிறார், அவருக்கென்ன. தேவாலயத்துக்குப் பின்னால் வெள்ளிக்கிழமை தோறும் உணவு கொடுக்கிறார்கள், வருமானம் போதாது என்ற சான்றிதழோடு வரிசையில் நிற்க வேண்டும், கொடுப்பவர்கள் எல்லாரும் அவளோடு பாடற்குழுவில் பாடியவர்கள், அவளே நான்கு வருஷம் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கொடுத்தவள்தான். கொடுக்கிறவள் பையை நீட்டும்போது ஒரு சிரிப்பு சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று சிரித்தவளுக்குத் தெரியும், அதை வாங்கிக்கொள்ள அவளால் முடியாது, முயல் எவ்வளவோ மேல். ஆனால் பொய் சும்மா கிடக்கிறதா, அதுவும் வாரா வாரம் தின்று கொழுக்கிறது, பெயர் என்ன என்று தேடா கேட்டாள், ப்ரூனோ என்றாள், நிறம் கேட்டாள், சாம்பல் என்றாள், கோடையில் ப்ரூனோவுக்கு வயிற்றுப்போக்கு, ப்ரூனோ திரைச்சீலையைக் கடித்துவிட்டது, ப்ரூனோவுக்கு வெந்தயக்கீரை மாதிரி ஏதோ ஒன்று பிடிக்காது... தேடா பெட்டி மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், "வாங்க முயலம்மா" என்றுதான் கூப்பிடுவாள், வாரத்தில் வேறு யாரும் அவளை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்று ஓங்கன் வந்து தொலைத்தார். அவரிடம் இருப்பவை நிஜ முயல்கள், பதினொன்று, கண்காட்சியில் பரிசு வாங்கியவை. "உங்களது என்ன சாதிங்க?" என்றார். "காது தொங்குற சாதி." "ஐயோ, அதுங்க சுத்தச் சோம்பேறிங்க. என் மச்சான் மாதிரி. திங்கும், தூங்கும்." சிரித்தாள், சிரிக்கத்தானே வேண்டும், பையைத் தூக்கினாள், கனத்தது, கொடுங்க நான் பிடிக்கிறேன் என்று அவர் கைப்பிடியில் கையை வைத்தார், பை சாய்ந்தது, இலைகள் சரிந்தன, அவற்றுக்கு அடியிலிருந்து மூன்று வெங்காயங்கள் கல்தரையில் உருண்டு ஓடின. அவர் ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்தார், ஏதோ செத்த எலியைப் பிடிப்பதுபோல. "என்னம்மா இது? வெங்காயத்தத் தின்னா முயல் செத்துப்போகும், தெரியாதா? தேடா, உனக்கு மூளை கீளை இருக்கா? முப்பது வருஷமா காய் விக்கிற!"

பக்கத்துப் பாலாடைக்கட்டி வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான், இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், இம்கேவுக்குக் காது மடல் வரை சூடேறியது, குனிந்து மற்ற இரண்டு வெங்காயத்தையும் பொறுக்கினாள். தேடா தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், நிமிரக்கூட இல்லை. "முயலுக்குன்னு யாருய்யா சொன்னா? அது அவங்க சூப்புக்கு. காசு வாங்கிட்டுத்தான் போட்டேன். உன் முயலவிட நீதான் ஜாஸ்தி மெல்லுற, போ, போய் வேலயப் பாரு."

காசு வாங்கவில்லை. ஒரு சென்ட்கூடக் கொடுக்கவில்லை. அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது தேடாவுக்கு, பழகிய கை முடிச்சுப் போடுவதுபோல... அப்படியென்றால் அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும்? ரயில் கேட் மூடியிருக்கிறது, நின்றாக வேண்டும், நின்றால் நினைப்பு இன்னும் வேகமாக ஓடுகிறது. செப்டம்பரில் இலைகளுக்கு நடுவே ஒரு முழு நூல்கோல் இருந்ததே, தவறி விழுந்திருக்கும் என்று நினைத்தாள், திருப்பிக் கொடுக்கவில்லை, சந்தோஷப்பட்டாள். ஆகஸ்டில் நுனி ஒடிந்த கேரட் ஐந்து. ஜூலையில் உருளைக்கிழங்கு, முயல் எந்த ஊரில் உருளைக்கிழங்கு தின்னும், அதை வேகவைத்துத் தின்றபோது ஏன் தோன்றவில்லை, தோன்றியது, தோன்றவிடவில்லை. அப்படியென்றால் வயிற்றுப்போக்குக் கதையைச் சொன்னபோது தேடாவுக்குத் தெரியும். திரைச்சீலைக் கதையின்போதும் தெரியும். கையை ஆட்டி, காதைத் தொங்கவிட்டு, அறுபத்தாறு வயதுக்காரி முயல் மாதிரி நடித்துக் காட்டினாளே, அப்போதும் தெரிந்துதான் உட்கார்ந்து சிரித்தாள். எதைப் பார்த்து? கதைக்குச் சிரித்தாளா, இவளுக்காகச் சிரித்தாளா, இல்லை மேசைக்கு அந்தப் பக்கத்தில் சிரிக்கிற அதே சிரிப்புதானா அதுவும், சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலா? திரும்பிப் போய்க் காசைக் கொடுத்துவிடலாம். மூன்று வெங்காயத்துக்கான காசு கோட்டுப் பையில் இருக்கிறது. ஆனால் கொடுத்தால், முயல் இல்லை என்று அவளிடம் வாய்விட்டுச் சொன்னதாகிவிடும், கொடுக்காவிட்டால் அடுத்த சனிக்கிழமை "ப்ரூனோ எப்படி?" என்று அவள் கேட்பாள், கேட்கத்தான் செய்வாள், இவளும் தெரிந்துகொண்டே... ரயில் போய்விட்டது, கேட் தூக்கியாகிவிட்டது, பின்னால் ஒருவன் சைக்கிள் மணியை அடிக்கிறான், அவள் வீட்டுப் பக்கம்தான் நடக்கிறாள். பசிக்கிறது. இந்த வேளையிலும் பசிப்பதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருக்கிறது.

வெங்காயத்தை அன்றே சூப்பில் போட்டுச் சாப்பிட்டாள். அடுத்த சனிக்கிழமை போய், காசு கொடுத்து இரண்டு வெங்காயம் வாங்கி, ப்ரூனோ செத்துப்போய்விட்டதாகச் சொன்னாள். தேடா கையைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ பாவம்" என்றாள், கண் கலங்கினாள், அது நடிப்பா என்று இம்கேவால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு பச்சை நிறைந்த பெட்டியைக் காலால் மெல்ல அவள் பக்கம் தள்ளி, "அப்ப இத யாரு சாப்பிடுறது?" என்றாள். இம்கே இரண்டு வெங்காயத்தையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். ஓங்கனின் முயல்கள் அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த இலைகளை நன்றாகத் தின்றன, ஒன்று மறுபடி பரிசு வாங்கியது. தேடா இன்னும் அதே இடத்தில்தான் கடை போடுகிறாள். இம்கே இப்போது சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்துப் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகிறாள். அங்கே அவளுக்கு இரண்டு முயல்கள்.