கிள்ளைக்குப் போன ஹேண்டில்பார்

கார்த்யாயினி சிதம்பரத்தில் பல் டாக்டர். பகலெல்லாம் ஊரார் வாயைத் திறக்கச் சொல்வாள். கிளினிக் சாத்திய பிறகு பின்னறையில் உட்கார்ந்து, முனை மழுங்கிப்போன பல் ஊசியால் பழைய ரேஸ் சைக்கிளின் பல்சக்கரத்தில் அழுக்கு எடுப்பாள்.

அது பிரான்சில் செய்த வண்டி. எழுபத்து நாலாம் வருஷத்து மாடல். புதுச்சேரி காயலான் கடையில் வெறும் பிரேமாகக் கிடந்தது. வீட்டு கேட்டுக்கு அடிக்கிற பச்சை பெயிண்டை யாரோ அதன் மேல் அப்பியிருந்தார்கள். வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு சாமானும் அந்தக் காலத்துச் சாமானாகவே இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். பிரேக், பெடல், கியர் என்று எங்கெங்கோ தேடிச் சேர்த்துவிட்டாள்.

பெயிண்ட் வேலைக்குக் கடலூர் முதுநகரில் லாரிகளுக்குப் படம் வரைகிற நஸ்ருதீனைப் பிடித்தாள். பச்சையைச் சுரண்டியபோது பெடல் அச்சுக்கு அடியில் நகத்தளவு பழைய ஆரஞ்சு நிறம் தெரிந்தது. அதே நிறத்தைக் கலக்கச் சொன்னாள். அவன் கலக்கிக் காட்டியதையெல்லாம் “இது பப்பாளி”, “இது சாமியார் வேட்டி” என்று தள்ளினாள். கடைசியில் ஒருநாள் நிறம் அப்படியே ஒத்துவந்தது. அந்தச் சந்தோஷத்தில் நஸ்ருதீன் மெல்லக் கேட்டான்.

“டாக்டர், நடு பைப்ல சின்னதா ஒரு பலாப்பழம் மட்டும் போட்டுர்றேன். பண்ருட்டி லாரிக்காரங்க இதுக்குன்னே என்கிட்ட வர்றாங்க.”

“பாய், பிரஷ்ஷக் கீழ வையுங்க.”

வைத்துவிட்டான். ஆனால் முகம் தொங்கிப்போயிற்று.

பாக்கி இருந்தது ஹேண்டில்பார் ஒன்றுதான். ஆட்டுக்கடா கொம்புபோல் கீழ்நோக்கி வளைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அளவு தனி. கிடைத்த எதை மாட்டினாலும் பிடிமானத்தில் நிற்காமல் சுழன்றது. காயலான் கடைக்காரருக்கு மறுபடி போன் போட்டாள். அவர் யோசித்துச் சொன்னார்: “அந்தக் கொம்பா? நண்டு விக்கிற ஒரு அம்மா எடுத்துக்கினு போனாங்களே. ஊரு கிள்ளை. பேரு செல்லாயி.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்த்யாயினியும் நஸ்ருதீனும் அவன் ஸ்கூட்டரில் கிள்ளைக்குப் போனார்கள். தேட வேண்டிய வேலையே இல்லை. கடலை ஒட்டிய ஆற்றங்கரையில் நீல நிறத்தில் ஒரே மாதிரி படகுகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றின் மூக்கில் மட்டும் வளைந்த இரண்டு கொம்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு காக்கா.

கார்த்யாயினி செருப்போடு சேற்றில் இறங்கி ஓடினாள். கட்டைவிரலால் உப்பைத் தேய்த்தாள். நடுவில் கம்பெனி முத்திரை தெரிந்தது. “அதேதான் பாய்!” என்று கத்தினாள். காக்கா இரண்டும் பறந்தன.

“யாரும்மா நீ, என் படகத் தடவிக்கினு நிக்கிற?”

செல்லாயி இடுப்பில் நண்டுக் கூடையோடு நின்றாள். கார்த்யாயினி விஷயத்தைச் சொன்னாள். என்ன விலை கேட்டாலும் தருவதாகவும் சொன்னாள்.

“விலையா? கொம்புப் படகுன்னாதான் என்னைத் தெரியும். யாவாரிங்க கொம்பப் பாத்துட்டுதான் நேரா என்கிட்ட வர்றாங்க. கொம்பக் கழட்டுனா பக்கத்துப் படகுக்காரிகிட்ட போய் நிப்பாங்க. உனக்கு சைக்கிள் ஓடணும். எனக்குக் குடும்பம் ஓடணும்.”

அந்த அம்மா சொன்னதில் தப்பே இல்லை. கார்த்யாயினி திரும்பி ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள். நஸ்ருதீன் மட்டும் நகரவில்லை. படகின் மூக்கை, காலியான லாரிக் கதவைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.

“யக்கா, ஆத்துல வர்றப்பவே அக்கரைலேர்ந்து தெரியற மாதிரி ஒரு படம் போட்டுக் குடுத்தா?”

“என்னா படம்?”

“சிங்கம் போடலாம். தாமரை போடலாம். பலாப்பழம்…”

“நண்டு விக்கிறவ படகுல பலாப்பழமா? நண்டு போடு. பாத்துட்டு சொல்றேன்.”

ஸ்கூட்டர் பெட்டியில் பிரஷ் இருந்தது. பெயிண்டும் ஒரு டப்பா இருந்தது. அது எந்த டப்பா என்று தெரிந்ததும் கார்த்யாயினிக்குத் திக்கென்றது. சைக்கிளுக்குக் கலந்த ஆரஞ்சில் மீந்தது. பின்னால் கீறல் விழுந்தால் பூச வேண்டும் என்று அவள் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னது.

“பாய், அந்த நிறம் மறுபடி வராது.”

“ஹேண்டில்பாரும் வராது, டாக்டர்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

நஸ்ருதீன் நண்டு வரைந்து பழகாதவன். நீள இமையும் தடித்த உதடுமாக, சினிமா போஸ்டர் கதாநாயகிபோல ஒன்றை வரைந்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செல்லாயி நண்டின் கால்களை எண்ணிப் பார்த்தாள்.

“ரெண்டு கால எங்க வச்ச? நீயே வறுத்துத் தின்னுட்டியா?”

கூடையிலிருந்து சேற்றில் பிடித்த பெரிய கழி நண்டு ஒன்றை எடுத்து, கயிற்றால் கட்டியிருந்த கொடுக்குகளில் ஒன்றை மட்டும் அவிழ்த்துப் பலகையில் வைத்தாள். “இதப் பாத்துப் போடு.” கொடுக்கு எப்படி விரிகிறது என்று பார்க்க நஸ்ருதீன் பிரஷ்ஷை நீட்டினான். நண்டு பிடித்துக்கொண்டது. இழுத்தான், விடவில்லை. நண்டும் பிரஷ்ஷும் சேர்ந்தே மேலே வந்தன.

“டாக்டர்! வாயத் திறக்க வைக்கிறதுதானே உங்க வேல?”

“அது வாயில்ல பாய், கை!” என்றபடி அவள் ஓடி வந்தாள். நண்டைப் பின்பக்கமாகப் பிடித்துப் பிரஷ்ஷை மெல்ல அசைத்தாள். அதுவாகச் சலித்துக் கொடுக்கைத் திறக்கிறவரை பொறுமையாக நின்றாள். அதற்குள் அவள் வெள்ளைச் சட்டையில் ஆரஞ்சுக் கோடுகள் விழுந்திருந்தன. செல்லாயிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மதியத்துக்குள் நண்டு முடிந்தது. கொடுக்கு இரண்டையும் தூக்கி, படகின் மூக்கு முழுக்கப் பரந்து நின்றது. இமையை மட்டும் அழிக்கக் கூடாது என்று செல்லாயி சொல்லிவிட்டாள். அவள் இடுப்பளவு தண்ணீரில் தள்ளிப் போய் நின்று பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்த்தாள். வெயிலில் ஆரஞ்சு தகதகத்தது.

“கழட்டிக்கம்மா,” என்றாள்.

அடுத்த வாரம் முதுநகர் பட்டறையில் ஹேண்டில்பாரைத் தேய்த்து மெருகேற்றி மாட்டினார்கள். கொஞ்சமும் சுழலாமல் கிண்ணென்று நின்றது. கார்த்யாயினி ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குக் கிளம்பினாள். எதற்கும் இருக்கட்டும் என்று நஸ்ருதீன் ஸ்கூட்டரில் பின்னால் வந்தான். ஆலப்பாக்கம் தாண்டியதும் காற்று முதுகில் அடித்தது. அவள் குனிந்து, வளைவின் அடியில் கையைக் கொடுத்து மிதித்தாள். சக்கரம் சத்தமே இல்லாமல் உருண்டது. சின்னப் பிள்ளைபோல் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

பி.முட்லூரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். ஹேண்டில்பாரைத் தலைகீழாக மாட்டியிருப்பதாக டீக்கடைக்காரர் எடுத்துச் சொன்னார். அவருக்கு அவள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது நஸ்ருதீன் சைக்கிளைத் தடவிப் பார்த்தான்.

“டாக்டர், ஒரு ரவுண்டு?”

“அந்த வளைவு வரைக்கும்தான் பாய்.”

அவன் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஏறினான். வளைவு வந்தது. அவன் நிற்கவில்லை. கார்த்யாயினி டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்கூட்டரை முடுக்கினாள். “பாய்! கியர மெதுவா மாத்துங்க! பாய்!” என்று கத்திக்கொண்டே துரத்தினாள். அவன் முதுகை வளைத்து, சட்டை காற்றில் புடைக்க, ஒரு டவுன் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டுச் சிதம்பரத்தைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தான்.